நாலாம் நாள் நின்ற வயிற்றோட்டம்

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கு மூலிகை உதவுமா என்று பேசப் போகிறேன் என அறிவித்த நாளிலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் இரண்டு வகை. ஒரு சாரார், "எந்த இலை டொக்டர், எத்தனை இலை, ஒரு நாளைக்கு எத்தனை தரம்?" என்று கேட்டார்கள். அவர்களில் சிலர் கொப்பியும் பேனையுமாக முன்வரிசையில் இருப்பதை இங்கிருந்தே பார்க்கிறேன். மற்றவர்கள் என் பழைய மாணவர்கள். "சேர், நீங்களுமா?" என்றார்கள். இரண்டு சாராரையும் கொஞ்சம் ஏமாற்றித்தான் அனுப்பப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மம்மாவிடம் ஒரு பழைய பிஸ்கற் டின் இருந்தது. அதற்குள் ஒரு பக்கம் தேய்ந்த சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், காய்ந்து சுருண்ட மாதுளம் ஓடு, அதிமதுரக் குச்சி, சீலைத் துண்டில் முடிந்த ஓமம், ஒரு துண்டு வசம்பு எல்லாம் கிடக்கும். பொழுதுபட்ட பிறகு வசம்பைப் பேர் சொல்லிக் கேட்க மாட்டார். "பிள்ளை மருந்தை எடு" என்பார். சந்தனக் கல் போல ஒரு சின்ன உரைகல். குழந்தைக்கு வயிற்றால் போனால் அந்தக் கல்லில் இன்னதை இத்தனை சுற்று இழைக்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. மில்லிகிராமில் அல்ல, சுற்றில். அதுவும் ஓர் அளவுதான். அதை இளக்காரமாகப் பேசுகிற வைத்தியர்களோடு நான் சேர்த்தி இல்லை.

ஆனால் அந்த டின்னுக்குள் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்கு அதிகம் பேசப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு உள்ளே ஒரு மாடிக் குடியிருப்பு. எனக்குத் தெரிந்த குடும்பம். பதினான்கு மாதக் குழந்தை. "மூண்டு நாளா வயித்தால போகுது டொக்டர், முதல் நாள் சத்தியும் எடுத்தவன்" என்றார் தாய். மேசையில் எல்லாம் வரிசையாக இருந்தன. மாதுளம் ஓடு அவித்த தண்ணீர் ஒரு கோப்பையில். சாதிக்காய் இழைத்த கல் கழுவாமல் கிடந்தது. பக்கத்தில் அரைவாசி குடித்த ஜிஞ்சர் பியர். குழந்தையின் பால் போத்தலில் கலங்கலாக ஏதோ ஒன்று. குழந்தையோ தாகத்தில் போத்தலைப் பறித்துப் பறித்துக் குடிக்கிறான்; குடித்துவிட்டுச் சிணுங்குகிறான்; தொட்டால் வெடுக்கென்று உதறுகிறான். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், பிசைந்த மா மாதிரி இருந்தது.

நான் பேத்தியாரின் பக்கம் திரும்ப முன்னமே அவர் முகம் வாடிவிட்டது. மாதுளம் ஓட்டுக்காகத் திட்டப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார். பிழை அங்கே இருக்கவில்லை. பால் போத்தலை முகர்ந்தேன், நாக்கில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். உப்புக் கரித்தது. "இது என்ன?" என்று கேட்டேன். "ஜீவனி, டொக்டர். ஒரு பக்கெட்." ஜீவனி என்பது வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு, குளுக்கோசுத் தூள். எட்டு அவுன்ஸ் போத்தலுக்குள் ஒரு லீற்றருக்கான பக்கெட் முழுவதும்! நாலு மடங்கு உப்பு. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும், கூடக் கூடக் குடிப்பான், இரத்தத்தில் சோடியம் ஏறும், வலிப்பு வரை போகலாம். மருந்து வாங்கின இடத்தில் "இதைக் கரைச்சுக் குடுங்கோ" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எதில், எவ்வளவில் என்று சொல்லவில்லை; பக்கெட்டின் பின்பக்கத்தை யாரும் வாசிக்கவுமில்லை. அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்துக்கொண்டான். இப்போது கிரிக்கெட் விளையாடுகிறானாம்.

அந்த வீட்டில் அன்றைக்கு மூலிகை யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. "இங்கிலீஷ் மருந்து" என்று நம்பி வாங்கியதுதான் ஆபத்தாகப் பார்த்தது. இதை என் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். கொப்பியோடு வந்தவர்களுக்கான கதை இனிமேல்தான் வருகிறது.

நோயைப் பற்றி முதலில். சின்னப் பிள்ளைகளின் தண்ணீர் போன்ற வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். அவற்றுள் முக்கியமானது ரோட்டா வைரஸ். 1973இல் மெல்பேர்ண் சிறுவர் மருத்துவமனையில் ரூத் பிஷப்பும் கூட்டாளிகளும், வயிற்றோட்டத்தோடு வந்த குழந்தைகளின் குடலிலிருந்து எடுத்த துணுக்குகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது கண்டுபிடித்தது. சக்கரம் போல வட்டமாகத் தெரிந்ததால் இலத்தீனில் சக்கரத்துக்கு உள்ள பெயரையே அதற்கு வைத்தார்கள். அதற்கு முன் இந்த நோய்க்குக் காரணம் என்ன என்று கேட்டால் பல் முளைப்பது, கண்ணூறு, பால் புளித்தது, சூடு, குளிர் என்று ஊரில் ஆளுக்கொரு விடை. எங்கள் பாடப்புத்தகங்களும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பல் முளைக்கும் வயதும் தவழ்ந்து கண்டதை வாயில் வைக்கும் வயதும் ஒன்றாக வருவதால் பல்லின் தலையில் பழி விழுந்தது. அது பாவம்.

இந்த வைரஸ் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை. வெள்ளவத்தையில் கடல் பார்த்த தொடர்மாடியிலும் வரும், கால்வாயோரக் குடிசையிலும் வரும். கொதித்தாறிய நீர் குடித்தாலும் வரும். பிள்ளை இறப்பதா பிழைப்பதா என்பதில்தான் வீட்டின் வசதியும் அறிவும் வந்து நிற்கின்றன. உலகம் முழுவதும் எல்லா வகை வயிற்றோட்டத்தாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 4 இலட்சத்து 40 ஆயிரம் பிள்ளைகள் வருஷந்தோறும் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் பலரைக் கொல்வது கிருமியின் நஞ்சல்ல. உடம்பிலிருந்து போன தண்ணீரும் உப்பும்.

எப்படிப் போகிறது? சிறுகுடலின் உட்சுவரில் சடைமுளைகள் உண்டு. பத்தாம் வகுப்புப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீரையும் உணவையும் உறிஞ்சுவது அவற்றின் வேலை. ரோட்டா வைரஸ் அந்த முளைகளின் நுனிக் கலங்களைப் பிடித்து அழிக்கிறது. உறிஞ்ச ஆளில்லை. இது ஒரு கேடு. இன்னொன்றை 1996இல்தான் கண்டார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் மேரி எஸ்ரெஸ் குழுவினர், வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதமே நஞ்சு போல வேலை செய்வதைக் காட்டினார்கள். என்எஸ்பி4 என்று அதற்குப் பெயர். அது கலத்துக்குள் கல்சியத்தை ஏற்றுகிறது. கல்சியம் ஏறினால் குளோரைட்டு வெளியேறும் வாய்கள் திறக்கின்றன. குளோரைட்டின் பின்னால் சோடியமும், சோடியத்தின் பின்னால் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற்றும் மோட்டர் பழுது. கீழே பைப்பும் திறந்து கிடக்கிறது. தாங்கி எவ்வளவு நேரம் தாங்கும்? பத்துக் கிலோப் பிள்ளையின் தாங்கி மிகச் சிறியது.

இப்போது மூலிகைக்கு வருவோம். மூலிகையால் செய்யக்கூடியவை மூன்று. வைரஸைக் கொல்லலாம், பைப்பை மூடலாம், அல்லது ஒன்றும் செய்யாமல் நற்பெயர் மட்டும் வாங்கலாம். மூன்றாவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் அதுதான் அதிகம்.

வைரஸ் வயிற்றோட்டம் மூன்று நாளிலிருந்து எட்டு நாளுக்குள் தானாக நிற்கும் நோய். முதல் நாள் சத்தி. வீட்டார் பயந்து பாமசிக்கு ஓடுவார்கள். இரண்டாம் நாள் வயிற்றோட்டம் உச்சம், டொக்டரிடம் போவார்கள். மூன்றாம் நாளும் நிற்கவில்லை, டொக்டரை மாற்றுவார்கள். அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி வந்து, "கொய்யாக் கொழுந்து அவிச்சுக் குடு பிள்ளை" என்பார். நாலாம் நாள் காலை வயிற்றோட்டம் நின்றுவிடும். பெயர் கொய்யாவுக்கு! அன்றைக்கு மாமி வராமல் நான் போய் ஒரு மஞ்சள் குளிசை எழுதியிருந்தால் பெயர் எனக்கு. நாற்பது வருஷத் தொழிலில் இப்படி வாங்கிய நற்பெயர் எனக்கு எக்கச்சக்கம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வழியில்லை. தானாக நிற்கும் எந்த நோய்க்கும் ஊரில் நூறு மருந்து இருக்கும், நூறுக்கும் சாட்சி இருக்கும். ஆகவே "எங்கட வீட்டில கண்டனாங்கள்" என்பது இந்த நோயில் எடுபடாது. அதே நோய், அதே வயது, ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு மருந்து போலவே தோன்றும் வெறும் சாறு, யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது வைத்தியருக்கும் தெரியாது: அப்படிப் பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும்.

அப்படி யாராவது பார்த்தார்களா? பார்த்தார்கள். ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கில், ரோட்டா வைரஸ் வயிற்றோட்டத்தோடு வந்த 40 பிள்ளைகளுக்கு. மூன்று மாதம் முதல் ஏழு வயது வரையானவர்கள். தோர்மென்ரில் என்று ஐரோப்பாவில் வளரும் ஒரு பூண்டு, ரோஜாவுக்குச் சொந்தக்காரச் செடி. அதன் கிழங்குச் சாற்றை 20 பேருக்கும் வெறும் சாற்றை 20 பேருக்கும் கொடுத்தார்கள். 2003இல் வெளியான முடிவு: சாறு குடித்தவர்களுக்குச் சராசரி மூன்று நாளில் நின்றது, மற்றவர்களுக்கு ஐந்து நாளில். இரண்டு நாள் இலாபம். சின்ன ஆய்வுதான். ஆனால் நேர்மையான ஆய்வு.

அந்தக் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் தனின். இது எங்களுக்குப் புதிய பொருளே அல்ல. துவர்ப்பு என்று நாக்கு சொல்வது அநேகமாகத் தனின்தான். மாதுளம் ஓடு, மாசிக்காய், கடுக்காய், கொய்யாக் கொழுந்து, வாழைப்பூ, ஏன், நாங்கள் காலை மாலை குடிக்கும் வெறும் தேத்தண்ணியிலும் அது உண்டு. அறுசுவையில் துவர்ப்பு கட்டும் என்று சித்த வைத்தியம் வகுத்து வைத்தது. தனின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோலைப் பதனிடுவதும் அதனால்தான். குடலில் வைரஸின் புரதத்தோடும் ஒட்டலாம், குடற்சுவரின் மேலும் ஒரு படலம் போட்டது போல நிற்கலாம். அம்மம்மாவின் டின்னில் ஏழு சரக்கு இருந்ததென்றால் அதில் மூன்று தனின் சரக்கு. குருட்டாம்போக்கில் சேர்த்த டின் அல்ல அது.

கொய்யாவைச் சீனாவில் 62 பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். ரோட்டா வைரஸ் நோயாளிகள். 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், கொய்யாச் சாறு குடித்தவர்களில் நூற்றுக்கு 87 பேர் மூன்று நாளில் தேறினார்கள். வேறொரு சீன மூலிகைக் கஷாயம் குடித்தவர்களில் 58 பேர். மூலிகைக்கும் மூலிகைக்கும் நடந்த போட்டி என்பதைக் கவனியுங்கள். ஒன்றுமே கொடுக்காமல் விட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

வில்வத்தின் கதை எனக்குப் பிடித்தது. சிங்களத்தில் பெலி. அதன் பூவை உலர்த்தி பெலிமல் என்று விற்பதைக் கொழும்பில் காணாதவர் இல்லை. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசருக்கு இலை, வைத்தியருக்குக் காய். பழுத்த வில்வம் மலத்தை இளக்கும், பிஞ்சுக் காய் கட்டும். ஒரே மரம், இரண்டு குணம். "வில்வம் நல்லது" என்று கேள்விப்பட்டுப் பழுத்ததை வயிற்றோட்டக்காரருக்குக் கரைத்துக் கொடுத்த கதைகளும் உண்டு. மும்பாயில் ஓர் ஆய்வுக் குழு வில்வப் பிஞ்சின் கஷாயத்தை ஆய்வுகூடத்தில் சோதித்து 2009இல் எழுதியது. வயிற்றோட்டம் தரும் பக்ரீரியாக்களில் ஒன்றைக்கூட அது கொல்லவில்லை. ஆனால் ரோட்டா வைரஸ் மீது வேலை செய்தது. பக்ரீரியாவின் நஞ்சையும் மட்டுப்படுத்தியது. கொல்லும் மருந்தா என்று மட்டும் தேடியிருந்தால் குப்பைக்கூடைக்குள் போயிருக்கும் சரக்கு. ஆனாலும் இது கண்ணாடித் தட்டில் நடந்தது. தட்டில் வைரஸ் படுத்துக் கிடக்கும், கஷாயத்தை மேலே ஊற்றலாம். குழந்தையின் குடலில் வயிற்றோட்டம் தொடங்கும்போதே வைரஸ் கோடிக்கணக்கில் பெருகி முடிந்திருக்கும். அதனால்தான் "வைரஸைக் கொல்லும் மூலிகை" என்ற பேச்சில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை.

பைப்பை மூடும் மூலிகையில் நம்பிக்கை உண்டு. தென் அமெரிக்கக் காடுகளில் ஒரு மரம். வெட்டினால் இரத்தம் போல சிவப்புப் பால் வடியும். அங்குள்ள பழங்குடிகள் வயிற்றோட்டத்துக்குக் குடித்தார்கள். அதிலிருந்து எடுத்த குரோஃபெலிமர் என்ற பொருள், குளோரைட்டு வெளியேறும் வாய்களை அடைக்கிறது. 2012 கடைசியில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. வாய்வழியாகக் கொடுக்கும் மூலிகை மருந்து ஒன்று அந்த நாட்டில் அப்படி அனுமதி பெற்றது அதுவே முதல் தடவை. ஆனால் யாருக்கு? எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கு, தொற்றால் வராத வயிற்றோட்டத்துக்கு. குழந்தைக்கு அல்ல. அதே வழியில் கலிபோர்னியாவில் அலன் வேர்க்மன் குழுவினர் 2014இல் இன்னொன்றைக் காட்டினார்கள். சிவப்பு வைனிலிருந்து மதுசாரத்தை நீக்கி எடுத்த சாறு, ரோட்டா வைரஸ் ஏற்றிய எலிக்குஞ்சுகளின் வயிற்றோட்டத்தைத் தடுத்தது. வைரஸ் அப்படியே இருந்தது, பைப் மட்டும் மூடியது. பிள்ளைக்கு வைன் கொடுக்கச் சொன்னார் டொக்டர் என்று நாளைக்கு யாரும் எழுதிவிடாதீர்கள்.

பைப்பை மூடுவதிலும் வகை உண்டு. குடலின் அசைவையே கட்டிப்போடும் குளிசை ஒன்று இருக்கிறது, லோபரமைட். பெரியவர்கள் பயணத்துக்கு முன் போடுவார்கள். அதன் குழந்தைச் சொட்டு மருந்தால் பாகிஸ்தானில் கைக்குழந்தைகள் சிலர் குடல் அசைவற்று இறந்த பிறகு, 1990இல் அந்தச் சொட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. வெளியே வருவது நின்றது என்று தாய் சந்தோஷப்பட, உள்ளே குடல் நிறையத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். நின்றுவிட்டது என்பது வேறு, தேறிவிட்டது என்பது வேறு.

இனிக் கொப்பிக்காரர்களிடம் வருகிறேன். புறக்கோட்டைக் கபோஸ் லேனுக்குப் போயிருப்பீர்கள். அந்த ஒழுங்கைக்குள் நுழையும்போதே மூக்கு சொல்லிவிடும். சாக்குச் சாக்காக வேர், பட்டை, பூ. எனக்கு அங்கே போய் நிற்பது பிடிக்கும். அங்கே மரமஞ்சள் கேளுங்கள், சிங்களத்தில் வெனிவெல். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அந்தப் பெயரில் வருவது ஒரு கொடி; வட இந்தியாவில் அதே மருந்துப் பெயரில் வருவது ஒரு முட்புதர். இரண்டிலும் பேர்பரின் என்ற மஞ்சள் பொருள் உண்டு. 1987இல் பங்களாதேஷில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், ஒரு வகை பக்ரீரியா வயிற்றோட்டத்தை அது நன்றாகக் குறைத்தது. நல்ல சரக்கு. ஆனால் பிறந்த குழந்தையின் உடம்பில் அதே பேர்பரின், மஞ்சட்காமாலைப் பொருளை இரத்தப் புரதத்திலிருந்து கழற்றிவிடும். கழன்றது மூளைக்குப் போனால் பிள்ளை ஆயுளுக்கும் முடம். சிங்கப்பூரில் 1978இல் பேர்பரின் உள்ள மூலிகைகளைத் தடைசெய்தது இதற்காகத்தான். பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து தளர்த்தினார்கள்.

அதிமதுரத்தை எடுங்கள். அதிலுள்ள பொருள் ரோட்டா வைரஸ் பெருகுவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகூடச் செய்தி உண்டு. ஆனால் அதிமதுரம் அளவுக்கு மிஞ்சினால் உடம்பிலிருந்து பொற்றாசியத்தை வெளியேற்றும். வயிற்றோட்டத்திலும் போவது பொற்றாசியம்தான். இரண்டு பக்கத்தாலும் போனால் பிள்ளையின் கழுத்து துவளும், வயிறு ஊதும், இதயத் துடிப்பு தடுமாறும். வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் தந்ததால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் சேர்க்கத் தடை. கையில் வளையலாகக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். தேனில் குழைத்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: ஒரு வயதுக்குக் கீழே தேனே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைச் செயலிழக்க வைக்கும்.

இந்த எச்சரிக்கை எதுவும் எங்கள் பழைய வைத்தியத்துக்கு எதிரானதல்ல. யாழ்ப்பாணத்து மன்னர் காலத்துப் பரராசசேகரம் என்ற வைத்திய நூலில் பாலரோகத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு, ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் ஏடுகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றியிருக்காவிட்டால் அது இன்றைக்கு எங்கள் கைக்கு வந்திராது. பிள்ளையைப் பெரியவரின் சின்னப் பதிப்பாக நினைக்காமல் தனி உடம்பாகப் பார்த்த மரபு. அந்த மரபில் படித்த வைத்தியர் கையால் அளந்து கொடுப்பதும், வட்சப்பில் வந்த குறிப்பைப் பார்த்து நாங்கள் அவிப்பதும் ஒன்றாகாது.

இனி அந்த டின்னுக்குள் இல்லாத பொருள்.

1971. பங்களாதேஷ் போர். எல்லை தாண்டி இந்தியாவுக்குள் இலட்சக்கணக்கில் அகதிகள். கல்கத்தாவுக்கு அப்பால் பொங்கான் முகாமில் வாந்திபேதி. திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை வைத்தியர் அங்கே போனபோது தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் குளுக்கோசையும் சமையல் உப்பையும் அப்பச் சோடாவையும் அளந்து பொட்டலம் கட்டுவித்து, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் தாய்மாரிடமும் சகோதரர்களிடமும் கொடுத்தார். "குடிக்கக் குடுத்துக்கொண்டே இருங்கள்" என்பதுதான் சிகிச்சை. நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த முகாமில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. 1978இல் இலண்டன் மருத்துவ ஏடான லான்செற், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று ஆசிரியர் தலையங்கம் எழுதியது. மகாலனாபிஸ் 2022இல் காலமானார். எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் பார்த்தீர்கள்?

இந்தக் கரைசலின், அதாவது ஜீவனியின், சூட்சுமம் சின்னது. வைரஸ் எத்தனை கலத்தை அழித்தாலும், சோடியத்தையும் குளுக்கோசையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே இழுக்கும் கதவு ஒன்று குடலில் ஓரளவு வேலை செய்துகொண்டே இருக்கும். தனி உப்புக்கு அது திறக்காது. தனிச் சீனிக்கும் திறக்காது. இரண்டும் சேர்ந்து வந்தால் திறக்கும், தண்ணீரும் பின்னால் போகும். ஜிஞ்சர் பியரில் சீனி மிதமிஞ்சி இருக்கிறது. அது குடலுக்குள் தண்ணீரை இன்னும் இழுக்கும். செவ்விளநீரில் பொற்றாசியம் தாராளம், சோடியம் போதாது. ஜீவனியோடு சேர்த்துக் கொடுக்கலாம், ஜீவனிக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது. வெறும் தேத்தண்ணியில் உப்பே இல்லை. எங்கள் கஞ்சி கிட்டத்தட்ட வந்துவிட்டது! அரிசியின் மாப்பொருள் மெல்ல மெல்லக் குளுக்கோசாக உடைகிறது, கூடவே உப்பும் போடுகிறோம். அரிசி மாவில் செய்த கரைசல் வாந்திபேதியில் நன்றாக வேலை செய்வதை ஆய்வுகளும் சொல்கின்றன. உப்பின் அளவுதான் எங்கள் வீடுகளில் கைக்குக் கை மாறும்.

இப்போது உலகம் முழுவதும் பயன்படும் கலவை 2002இல் திருத்தியது. ஒரு லீற்றருக்கு குளுக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், மீதி பொற்றாசியமும் சித்திரேற்றும். கூடவே சிங்க் குளிசை பத்து முதல் பதினாலு நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. பள்ளிப் புத்தகத்தில் நாகம் என்று இருக்கும். பாம்பல்ல, பயப்பட வேண்டாம். ஜீவனி கரைப்பதென்றால் கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், பக்கெட் முழுவதும், ஒரே தடவையில். ஒரு நாள் போனால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர். கரண்டியால், நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. சத்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், சோற்றையும் நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை துவண்டு தூங்கினால், இலையும் வேண்டாம், பக்கெட்டும் வேண்டாம், ஓட்டோவைக் கூப்பிடுங்கள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பொரளைச் சிறுவர் வைத்தியசாலை அதிக தூரமில்லை.

வராமல் தடுக்கும் வழியும் உண்டு. ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து வாய்ச் சொட்டாக இருக்கிறது. டில்லியில் 1980களில் பிறந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த ஒரு வைரஸ் வகையைக் கொண்டு இந்தியா தன் சொந்தச் சொட்டைச் செய்தது; 2016இல் அரசுத் திட்டத்தில் சேர்த்து, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கும் கொடுத்தது. இங்கே தேசிய அட்டவணையில் அது இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துப் போடலாம். ஆறு வாரத்திலேயே கேளுங்கள். வயது கடந்தால் போட முடியாது.

"அப்போ கொய்யாக் கொழுந்து கொடுக்கலாமா, கூடாதா?" என்று முன்வரிசை இன்னும் பார்க்கிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளை, ஜீவனி ஒழுங்காக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, விளையாடுகிறது என்றால், அம்மம்மா இரண்டு கரண்டி கொய்யாத் தண்ணீர் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். அது ஜீவனியின் இடத்தைப் பிடித்தால் தடுப்பேன். கைக்குழந்தைக்கு என்றால் எதுவும் வேண்டாம்.

என் மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்ட நாடு இது. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள், நாவின்னையில் ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு சிறுவர் வாட்டும் ஒரு சித்த வைத்தியரும் சேர்ந்தால் போதும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜீவனியும் சிங்க்கும். பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக வில்வப் பிஞ்சோ கொய்யாவோ, அளந்து, பெயர் மறைத்து. சென் பீட்டர்ஸ்பேர்க்கில் 40 பிள்ளைகளோடு செய்ததை எங்களால் செய்ய முடியாதா? அந்தக் கிழங்கைத் தேடி அவர்கள் காட்டுக்குப் போக வேண்டியிருந்திருக்கும். எங்களுக்குக் கபோஸ் லேன் வரை போனால் போதும்.

அதுவரைக்கும், வீட்டில் அந்த டின் இருப்பவர்கள் எறிந்துவிட வேண்டாம். நாளைக்குக் காலி வீதியில் ஏறும்போது இரண்டு ஜீவனிப் பக்கெட் வாங்கி, சாதிக்காய்க்குப் பக்கத்தில் வையுங்கள். டின்னுக்குப் பக்கத்தில் சரியாக ஒரு லீற்றர் பிடிக்கும் வெறும் போத்தல் ஒன்றையும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.